அடித்து எழுதுகிறவள்

கணினி விசைப்பலகையின் வலது மூலையில், தட்டியதை அழிப்பதற்கென்று அம்புக்குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். எங்கள் கல்லூரிக் கணினி அறையில் எல்லா இயந்திரத்திலும் முதலில் தேய்ந்து வழுவழுப்பானது அந்தப் பொத்தான்தான். சுவரோரம் இருந்த ஒரே ஒரு இயந்திரத்தில் மட்டும் அது கடையிலிருந்து வந்த கருக்குக் குலையாமல் இருந்தது. அங்கே அவள்தான் உட்காருவாள். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். படித்த காலம் முழுக்க அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எரிச்சல்பட்டவள் நான்.

ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? டப்டப்பென்று தட்டி அழித்துவிட்டு மேலே போவோம். அவள் போக மாட்டாள். தப்பை அப்படியே விட்டு, பக்கத்தில் சரியானதைத் தட்டி, அச்சு எடுத்த பிறகு தப்பின் நடுவில் பேனாவால் ஒரு கோட்டை இழுப்பாள். தேர்வுத்தாளிலும் அதே கதைதான். ஏன் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்.

"அடிச்சு எழுதலாம்ளா. அழிச்சு எழுதக் கூடாது."

அடிப்பதற்கும் அழிப்பதற்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், அதற்கு இவ்வளவு வீம்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பயனில்லை. புன்னைக்காயலுக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய ஊர் அவளுடையது. அந்த ஊரில் ஒரு கல்லை விட்டெறிந்தால் அது அவள் பெயருள்ள இன்னொருத்தி மேல்தான் விழும். எனக்கு ஆத்தூர். அவள் ஊரிலிருந்து தூத்துக்குடி போகும் பேருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அவள் ஏறும்போதே எனக்கும் சேர்த்து இடம் பிடித்து, பையைப் போட்டு வைத்திருப்பாள். அந்தப் பையைத் தூக்கிவிட்டு உட்கார எந்த ஆம்பிளையும் துணிந்ததில்லை. முறைப்பு அப்படி.

கல்லூரி விழாவுக்கு எங்கள் துறை சார்பில் துணித் தட்டி எழுதும் வேலை ஒருமுறை அவளிடம் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கொடுத்தார்கள். பெரிய பெரிய எழுத்தில் 'அன்புடன் வரவேற்கிறது' என்று எழுத வேண்டியவள், 'வரவேற்கிரது' என்று சின்ன 'ர' போட்டுவிட்டாள். பதறிப்போய் வெள்ளைச் சாயம் வாங்க ஆள் ஓடியது. ஆள் திரும்பி வருவதற்குள் அவள் சிவப்புச் சாயத்தில் அந்த 'ர'வின் மேல் ஒரு கோடு இழுத்து, தலைக்கு மேல் பெரிய 'ற' ஒன்றை எழுதி, தட்டியை வாசலில் கட்டியும் விட்டாள். சிறப்பு விருந்தினர் அதைப் பார்த்துச் சிரித்தார். முதல்வர் சிரிக்கவில்லை, கூப்பிட்டுவிட்டார். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அவள் மட்டும் நிமிர்ந்து நின்று, வெள்ளை அடித்தால் இவர்களுக்குத் தப்பே வராது போல என்று நினைப்பார்கள், இப்போது திருத்தத் தெரிந்தவர்கள் என்று நினைப்பார்கள், இதில் எது துறைக்கு மரியாதை என்று முதல்வரிடமே கேட்டாள். அன்றிலிருந்து நாங்கள் அவளுக்குக் 'கோடு' என்று பட்டப்பேர் வைத்தோம். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

இறுதியாண்டில் இணைய ஊடகம் என்று ஒரு தாள். அதை நடத்த வந்தவர் சின்ன வயது ஆசிரியர். சென்னையில் ஏதோ செய்தித் தளத்தில் வேலை பார்த்தவர். புத்தகத்தை மூடி வையுங்கள் என்றுதான் ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும், வாரம் ஒரு பதிவு போட வேண்டும், அதைப் பார்த்து அகமதிப்பெண் போடுவேன் என்றார். ஊருக்கே கேட்கும் குரலில் எழுதுங்கள் என்றும் சொன்னார். எங்களுக்கு ஒரே குதூகலம். பையன்கள் பாதிப் பேர் சினிமாவுக்குப் போனார்கள். நான் சமையலுக்குப் போனேன். அம்மா சமைப்பாள், நான் படம் பிடிப்பேன், நான் நல்ல வெளிச்சம் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்து அப்பா ஆறிப்போன குழம்பைச் சாப்பிடுவார்.

அவள் எடுத்துக்கொண்டது தன் ஊர்ப் பட்டப்பேர்களை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஞானஸ்நானத்தில் வைக்கிற பெயர்கள் கொஞ்சம், ஆட்கள் நிறைய. புனிதர் பெயரைச் சொல்லி வீடு தேடினால் சாயங்காலம் வரை தேட வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பேர். நிலா வெளிச்சத்திலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனவரின் பிள்ளைகள் எல்லாரும் 'ராந்தல்' வீட்டார். அக்கம்பக்கத்துச் செய்தியை ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்த ஒருத்தியின் வம்சம் 'தந்தி'. தபால்காரரே அதைச் சொல்லித்தான் விசாரிப்பார். ஆனால் அதை யாரும் எழுதியதில்லை. குடும்ப அட்டையில் கிடையாது, கல்யாணப் பத்திரிகையில் கிடையாது, கல்லறைக் கல்லில்கூடக் கிடையாது. அவள் எழுதினாள்.

பதிவை எல்லாம் பேருந்தில்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பாதி வழியில் எங்களோடு சேர்ந்து நடத்துநரும் சிரிப்பார். கப்பலில் வேலை பார்க்கும் அவள் ஊர்க்காரர்கள் எங்கெங்கோ துறைமுகத்திலிருந்து படித்துவிட்டு, எங்கள் வீட்டை எப்போது எழுதப் போகிறாய் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். என் கத்திரிக்காய்க் குழம்பை என் சித்தி மட்டும் பார்த்தாள். பொறாமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வலைப்பூ எழுதும் பலகையில் எழுத்தின் நடுவே கோடு போட்டுக் காட்டும் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதைக் கண்டுபிடித்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் நம்ம ஊர்க்காரனாக இருப்பான் என்றாள். பதிவுக்குப் பதிவு ஆட்கள் பின்னூட்டத்தில் வந்து, அது அப்படியில்லை, எங்கள் மாமா சொன்னது இப்படி என்பார்கள். உடனே பழைய வரியில் கோடு விழும், பக்கத்தில் புது வரி வரும். ஆசிரியருக்கு இது பிடிக்கவே இல்லை. படிப்பவர்களுக்குச் சுத்தமான பக்கம் வேண்டும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு வந்து இன்னொரு கோடு போட்டாள்.

பிறகு வந்தது 'பாதிவழி' வீடு.

அந்த வீட்டாரின் பூட்டனார், அதாவது இப்போது அந்த வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணின் அப்பாவுக்குத் தாத்தா, சங்கு குளிக்கப் போன வள்ளத்தை ஓட்டியவர். இரண்டு வள்ளம் சேர்ந்து போயிருக்கின்றன. காற்று புரண்டு புயல் கிளம்பியிருக்கிறது. இவர் மட்டும் வள்ளத்தைத் திருப்பிவிட்டார். அதிலிருந்துதான் அந்தப் பேர். அவள் எழுதியது இதுதான்: 'புயலைக் கண்டு பயந்து, கூட வந்த வள்ளத்தை விட்டுவிட்டு, ஆறு பேரோடு பாதிவழியில் தப்பி வந்தார்.' ஊரில் எல்லாரும் சொல்வதும் அதேதான். அந்த வீட்டிலும் கேட்டுவிடலாம் என்று போயிருக்கிறாள். வீடு பூட்டிக் கிடந்தது. பதிவு போட வேண்டிய நாள் அது. போட்டுவிட்டாள்.

வீடு ஏன் பூட்டிக் கிடந்தது தெரியுமா? மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடிக்க எல்லாரும் தூத்துக்குடி போயிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் டவுனில் குடியேறிப்போன குடும்பம். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. எல்லாம் பேசியாகிவிட்டது, கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் எவனோ ஒரு புண்ணியவான் அவள் பதிவை மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, 'இந்த வீட்டிலா பெண் எடுக்கிறீர்கள்?' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறான். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் போனை எடுக்கவில்லை.

ஊர் அவள் மேல் பாய்ந்தது. தெருவில் நாள் முழுக்க 'ஏலே பாதிவழி' என்று கூப்பிட்டுத் திரிகிறவர்களே, எப்படி எழுதலாம் என்று வாசலில் வந்து நின்றார்கள். அவள் அம்மா அழுதிருக்கிறாள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், நீ அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறாயே பாவி என்று. ஊர்க் கமிட்டியிலிருந்து கல்லூரிக்குப் போன் வந்தது. ஆசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பதிவை எடுத்துவிடு, எடுக்காவிட்டால் இந்தத் தாளுக்கு அகமதிப்பெண் போட முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

அழிக்க மாட்டேன் என்றாள். ஆசிரியரிடம் சொன்னாள், கமிட்டியிடம் சொன்னாள், அழுதுகொண்டிருந்த அம்மாவிடமும் சொன்னாள். எது தப்பு என்று காட்டுங்கள், கோடு போடுகிறேன் என்பதையே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறாள். கதவைத் திறக்கவில்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

அந்த வாரம் பேருந்தில் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. எனக்கு உண்மையிலேயே ஆத்திரமாக இருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணம் நின்று கிடக்கிறது, இவள் பொத்தானைப் பற்றிப் பேசுகிறாளே என்று. உன் கோட்டைக் கொண்டுபோய்க் கடலில் போடு, உன் வீம்பு பெரிதா அவள் வாழ்க்கை பெரிதா என்று கத்திவிட்டேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழையகாயல் உப்பளம் வரும் வரைக்கும் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் தானாகத்தான் வந்தாள். எங்களைவிட மூன்று நான்கு வயது மூத்தவள், சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மத்தியானம் கல்லூரி வாசலில் வந்து நின்றுகொண்டு ஆள் விட்டு இவளைக் கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன். எதிரே இருந்த சர்பத் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சர்பத்தை யாரும் தொடவில்லை. அந்த அக்கா போனை எடுத்துப் பதிவைக் காட்டி, அழி என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, அழிச்சா நான் எழுதுனது மட்டும்தான் படிச்சவங்க மனசுல நிக்கும். ஒங்க வீட்டுச் சொல்லு எங்கனயும் இருக்காது. எது தப்புன்னு சொல்லுங்க, அந்த எடத்துல கோடு போடுதேன்" என்றாள் இவள்.

"கோடு போடுதாளாம். எங் கல்யாணத்து மேலதான் போட்டுட்டியே."

இவள் முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் எழுந்து போகவில்லை. பயந்தார் என்று எழுதியதுதான் தப்பா என்று மெதுவாகக் கேட்டாள்.

"பயந்தாருதான். அந்தக் கடலப் பாத்துப் பயப்படாம?" என்றாள் அந்த அக்கா. "ஆனா தப்பி வரல. கூட்டிட்டு வந்தாரு. வாங்கலே திரும்பிருவோம்னு அந்த வள்ளத்தயும் கூப்பிட்டாரு. பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சிட்டுப் போனாவ. போனவுக வரவே இல்ல. எங்க பூட்டன் கூட்டிட்டு வந்தாருல்லா ஆறு பேரு, அவுக பேரமாருதான் இன்னிக்கு எங்களப் பாதிவழின்னு கூப்பிடுதாவ. அவரு திரும்பலன்னா கூப்பிடுததுக்கு ஆளு ஏது?"

சொல்லி முடித்ததும் அந்த அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இவள் மட்டும் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வாங்கக்கா என்று அவள் கையைப் பிடித்து நேரே கணினி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்று பேரும் அந்தச் சுவரோர இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தோம். 'விட்டுவிட்டு' என்ற சொல்லின் மேல் கோடு விழுந்தது, பக்கத்தில் 'கூப்பிட்டும் வராததால்' என்று வந்தது. 'ஆறு பேரோடு பாதிவழியில் தப்பி வந்தார்' என்பதன் மேல் கோடு விழுந்தது, பக்கத்தில் 'ஆறு பேரைக் கரை சேர்த்தார்' என்று வந்தது. 'பயந்து' என்பதன் மேல் கோடு விழவில்லை. பதிவின் உச்சியில், இந்த வீட்டாரைக் கேட்காமல் இதை எழுதினேன், தப்பு என்னுடையது என்று தன் முழுப்பெயரோடு ஒரு வரி சேர்த்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

அந்த அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிவழி என்ற பேர் மேலும் கோடு போடட்டுமா என்று இவள் கேட்டாள். அது உங்கள் பேர், நீங்கள் சொன்னால் போடுகிறேன் என்றாள்.

"வேண்டாம். அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றாள் அவள்.

பதிவை மாப்பிள்ளைக்கு அந்த அக்காவே அனுப்பினாள். பதில் வரவில்லை. அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: அதை மொத்தமாக எடுக்கச் சொல்லுங்கள், பிறகு பேசலாம். நான் துள்ளிக் குதித்தேன், அப்பாடா, ஒரு பொத்தானைத் தட்டினால் முடிந்தது என்று. இவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவளைக் கேட்பதற்கு முன்பே அந்த அக்கா முடியாது என்று சொல்லிவிட்டாளாம். இவ்வளவு நாளும் மூடி வைத்துக்கொண்டு இருந்தோம், இப்போதுதான் ஒரு சொல் எங்கள் பக்கம் எழுதியிருக்கிறது, அதை எடுத்துவிட்டு நான் கல்யாணம் பண்ண மாட்டேன் என்று.

இதைக் கேட்டபோது இவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வெளிறிவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்கவே இல்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவள் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறாள், செய்தித் தளம் ஒன்றில் பிழை திருத்தும் வேலை. இன்றைக்கும் தப்பாக ஒரு செய்தி அனுப்பிவிட்டால் அதை நீக்க மாட்டாள். கீழே 'மேலே உள்ளது தப்பு' என்று இன்னொன்று வரும். என் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முந்தி வாழ்த்து அனுப்பிவிட்டு, மறுநாள் அந்தத் தப்பைத் திருத்தி அனுப்புகிற ஒரே பிறவி அவள்தான். என் கணவர் அதைப் படித்துவிட்டு, இவளோடு எப்படிக் குப்பை கொட்டினாய் என்பார். குப்பையைக்கூடக் கொட்ட விட மாட்டாள் என்பேன்.

மாப்பிள்ளை கடைசியில் போன் பண்ணினான். அம்மாவுக்குத் தெரியாமல், துறைமுகத்திலிருந்து. ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, எங்கள் வீட்டுக்கும் பழைய ஊரில் ஒரு பட்டப்பேர் உண்டு, அது இதைவிட மோசம், அம்மாவுக்குப் பயமெல்லாம் உன் தோழி அடுத்தது அதைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்றுதான் என்றானாம். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவன், அந்தப் பேரைச் சொல்லவும் செய்திருக்கிறான். ஒரு நிபந்தனை, வலைப்பூக்காரியிடம் மட்டும் சொல்லக் கூடாது. அந்த அக்கா இன்று வரை சொல்லவில்லை. இவளும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

பருவத் தேர்வு முடிவு வந்தபோது எங்கள் வகுப்பில் எல்லாரும் தேறிவிட்டோம். என் கத்திரிக்காய்க் குழம்பும் தேறிவிட்டது. அவளுக்கு மட்டும் ஒரு அரியர், அதுவும் இணைய ஊடகம் தாளில். பதிவை எடுக்கவில்லை என்று அகமதிப்பெண் போடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போடலாமே என்று நான் குதித்தேன். போகட்டும்ளா, திரும்ப எழுதினால் போச்சு என்றாள். அடுத்த முறை எழுதித் தேறினாள். அந்த விடைத்தாளிலும் கோடு இருந்திருக்கும்.

ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அவள் ஊருக்குக் கூப்பிட்டிருந்தாள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பொண்ணு மாப்பிள்ளை பேரை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். அன்று முதல் ஞாயிறு. நாங்கள் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அக்கா முன்னால் அவள் அம்மாவோடு இருந்தாள்.

பங்குச் சாமியார் தாளை எடுத்தார். ஒரு நிமிடம் அதையே பார்த்தார். அந்த அக்கா எழுதிக் கொடுத்த தாள் அது. பிறகு வாசித்தார். பாதிவழி வீட்டு இன்னாருக்கும் இன்னாருக்கும் மூத்த மகள் என்று.

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா தலையைக் குனியவில்லை. சாமியார் நிறுத்தாமல் மாப்பிள்ளை பேரையும் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் தம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்றார். அப்போது என் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் இறங்கிவிட்டது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. சாமியார் தாளை மடித்து வைத்து அடுத்த அறிவிப்புக்குப் போகும் வரைக்கும் அவள் விடவில்லை. பார்த்தால் கண்ணெல்லாம் நீர். அவ்வளவு நாளில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். மணல் சுட்டது. நான் கையைத் தடவிக்கொண்டே, இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா எல்லாரிடமும் அப்படி மல்லுக்கு நின்றாய் என்று கேட்டேன். ஒருவேளை கல்யாணம் நின்றே போயிருந்தால் என்ன செய்திருப்பாய், அப்போதாவது அழித்திருப்பாயா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அழிச்சிருக்க மாட்டேன்" என்றாள். "அதான்ளா பயமா இருந்துச்சு."